பெயர்ப்பலகையின் கால்களுக்கு நடுவே

பழுப்பு நிலக்கரிக்காகப் போட்ட ரயில் பாதை அது. சுரங்கத்துக் கரி கடலூர்ப் பக்கம் போக வேண்டும். போனால் போகிறதென்று நடுவழியில் மனிதர்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கட்டினார்கள். ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு சிமென்ட் பெஞ்சு, இரண்டு கால்களில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகை. அப்பாவுக்கு அங்கே வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. காற்றடித்தால் எங்கள் சோற்றில் கரித்தூள் விழும்.

தங்கை இரண்டு வயதில் காய்ச்சலில் போனாள். சின்னப் பிள்ளையை எரிக்கிற வழக்கமில்லை. பலகைக்குப் பின்னால், ரயில்வே நிலத்திலேயே அப்பா அவளைப் புதைத்தார். பலகையின் இரு கால்களுக்கு நடுவே டிக்கெட் ஜன்னல் நேராகத் தெரிகிற இடம். கல் நடவில்லை, நட்டால் மேலதிகாரி கேட்பார். "இம்மாம் பெரிய பலகை நிக்கிது, தனியா எதுக்குக் கல்லு" என்றாராம் அப்பா, அம்மாவிடம்.

பஸ் வந்தது. பாசஞ்சர் ரயில் நின்றுபோனது. ஜன்னலைச் சாத்தினார்கள். அப்பாவும் இறந்துபோனார். நாங்கள் சிதம்பரத்துக்கு வந்துவிட்டோம். பலகை மட்டும், எழுத்து உதிர உதிர, நிற்காத கரிவண்டிகளுக்கு ஊர்ப்பெயர் காட்டிக்கொண்டு நின்றது. ஆண்டுக்கொருமுறை அம்மாவும் நானும் பாலும் பொறை ரொட்டியும் கொண்டுபோவோம். அம்மா கண்ணைச் சுருக்கி, ஜன்னலைப் பலகையின் கால்களுக்கு நடுவில் பிடிக்கும்வரை நகர்ந்து நகர்ந்து பார்த்து, "இங்கதான்" என்று உட்காருவாள்.

இந்த முறை ஜன்னலும் இல்லை, பலகையும் இல்லை. இரண்டாவது தண்டவாளத்துக்காக எல்லாவற்றையும் இடித்து, மேலே செம்மண் நிரவியிருந்தார்கள்.

"ஜன்னல் எங்கடா இருந்துச்சு?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு. எனக்கும் தெரியவில்லை.

மண் நிரவிக்கொண்டிருந்த பொக்லைன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா தேடுறீங்க, தோடு கீடு விழுந்துடுச்சா? சொல்லுங்க, ஒரே வாரா வாரிக் குடுத்துட்றேன்."

"வாராதப்பா. எம்பொண்ணு இங்கதான் எங்கியோ கெடக்கா."

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் விவரம் சொன்னேன். "பலகைய நாந்தாம்மா புடுங்கனேன். அப்பறம் லாரி லாரியா மண்ணு கொட்டிட்டாங்க. எந்த எடம்னு எனக்கே இப்ப புடிபடல."

அம்மா பால் பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே நடந்தாள். மண் உடனுக்குடன் குடித்தது. பாதி தூரத்தில் பால் தீர்ந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வாங்கியாறியாடா?" என்றாள். "அந்தாண்ட ஊத்தவே இல்ல."