மச்சாளின் வளைவெட்டு

கையுறையின் மேல் அந்த வெட்டு விழுந்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே. பலமில்லை, ஆனால் சுத்தமான வெட்டு. வெட்டியவர் என் மச்சாள், கணவரின் அக்கா. இடம் டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். பழைய ஜெர்மன் முறையில் இரு கைகளாலும் நீள்வாள் பிடித்துப் பழகும் எங்கள் கழகத்தின் போட்டி நாள் அது. வாள்களுக்குக் கூர் இல்லை. தலைக்குக் கவசம் உண்டு. நடுவர் மட்டும் கிடையாது. வெட்டுப் பட்டவர் தானே கையைத் தூக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம்.

மச்சாளைக் கழகத்துக்குக் கூட்டிப் போனதே நான்தான். மருத்துவமனையில் துப்புரவு வேலை முடித்துக் களைத்து வருபவர், எட்டு மாதமாக ஒரே வெட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வலப்பக்கம் விலகிக் கால் வைத்து, கைகளைக் குறுக்காக மடித்து, வெட்ட வருபவரின் கைகள்மேல் வாளைப் போடும் வளைவெட்டு அது. சமையலறையில் மொப்புத் தடியோடும் பழகினார். நான் சிரித்தேன். ஐந்து வருடம் பழகியவள் நான். வீட்டில் அந்தப் பெருமையும் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அன்று நான் கையைத் தூக்கவில்லை. தூக்குவேன் என்று நம்பி மச்சாள் வாளைத் தாழ்த்தி நின்றார். அப்படி நின்றவரின் தலையில் வெட்டினேன். அவர் உடனே கையைத் தூக்கினார். இதை எழுதவே எனக்குக் கூசுகிறது.

ரயிலில் திரும்பும்போது கேட்டார்: "என்ர வெட்டு உமக்குப் படேல்லையோ?"

"இல்லை, மச்சாள்."

"அப்ப நான் காலைத் தள்ளி வைக்கேல்லைப் போல. திருத்தவேணும்."

அந்தக் குளிர்காலம் முழுக்கத் திருத்தினார். ஒரு குறையும் இல்லாத வெட்டை, காலை இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி வைத்துக் கெடுத்தே விட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. கடைசியில், "எனக்கு இது சரிவராது" என்று கழகத்து வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவருடைய மகள் அங்கே பழகுகிறாள். போன ஞாயிறு அவர்கள் வீட்டில் சாப்பாடு. தாய் அந்த நாளில் வெட்டிய விதத்தைச் செய்துகாட்ட, அதில் பிழையே இல்லை என்று மகள் டேனிஷில் வாதாடினாள்.

"பிழை இருக்கு, பிள்ளை," என்றார் மச்சாள். "மாமிக்குப் படேல்லை. பட்டிருந்தா மாமி கையைத் தூக்கியிருப்பா. நீ காலை இன்னும் தள்ளி வை."

மகள் என்னைப் பார்த்தாள்.

"ஓம், படேல்லை," என்றேன்.

அவள் எழுந்து, தாய் சொன்னபடியே காலை இன்னும் ஓரடி தள்ளி வைத்துப் பழகத் தொடங்கினாள்.