தறிக் கொட்டாய் வரியும் வராந்தா போண்டாவும்

இரவுக் காவல் வேலையில் ரொம்பக் கஷ்டமான பகுதி பகல்தான். ராத்திரி முழுக்க முழித்திருந்துவிட்டு, பகலில் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கிற மில் ஆட்களுக்கும் லாரி டிரைவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் நகராட்சி ஆபீசில் நான் வாட்ச்மேன். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டு நானாகக் கற்றுக்கொண்ட வித்தையால் மைக் செட்டும் என் தலையில் விழுந்தது. ஆகவே பட்ஜெட் கூட்டத்தன்று பகலிலும் டூட்டி. தூக்கம் கெட்ட மனுசனுக்கு ஒன்று சும்மாவே அழுகை வரும், இல்லை சும்மாவே சிரிப்பு வரும். இந்த வருடக் கூட்டத்தில் எனக்கு வந்தது சிரிப்பு.

ஒத்திகை

மன்றத்தைத் திறந்து மைக் வயரை இழுத்துக்கொண்டிருந்தேன். தறிக்காரர் வீதிக் கவுன்சிலர் செல்வி எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். எதிர்க்கட்சி, முதல் தடவை ஜெயித்தவர். வீட்டை ஒட்டிக் கொட்டாய் போட்டுத் தறி ஓட்டுகிறவர்களுக்கு, இனிமேல் கடைக்குப் போடுகிற மாதிரி சொத்துவரி போடலாம் என்று அன்றைக்கு ஒரு தீர்மானம் வருகிறது. அவர் வீதியில் கொட்டாய் இல்லாத வீடு கிடையாது. அந்த வரி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தார்.

காலி நாற்காலிகளைப் பார்த்து, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். குரல் நடுங்கியது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் நடுங்கியது. "தறி ஓடற எடத்துல நின்னு பேசற மாதிரி நெனச்சுக்குங்க அம்மிணி, சத்தம் தானா வரும்" என்றேன். அவர் மைக்கை மூடிக்கொண்டு சொன்னார்: "சத்தம் வருதோ இல்லியோ, இது பாசாச்சுன்னா நான் எங்க வீதிக்குள்ள கால் வெக்க முடியாதுங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரே தறி ஓட்டறவரு. அப்பறம் எனக்கு ராத்திரிச் சோறு உங்க டிபன் பாக்ஸ்லதான்."

மேசைத் தட்டு

நகராட்சித் தலைவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல், மைக்கே தேவையில்லை. ஆளுங்கட்சிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்ஜெட் வாசிக்கும்போது தலைவர் எங்கே நிறுத்தினாலும் மேசையைத் தட்ட வேண்டும். காதில் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெருவிளக்குக்குத் தட்டினார்கள். சாக்கடைக்குத் தட்டினார்கள். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார், அதற்கும் தட்டினார்கள். "தெருநாய்க்கடி சென்ற ஆண்டைவிட அதிகரித்துள்ளது" என்று படித்து மூச்சு வாங்கினார். மன்றமே அதிர்ந்தது.

நான் ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "ஏனுங்க, நாய் கடிச்சதுக்கா தட்டறீங்க?" என்றார். முன்வரிசையில் இருந்த லாரி ஆபீஸ் பழனியப்பன் மரியாதையாக எழுந்தார். "யாரு யாரைக் கடிச்சதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க தலைவரே. நீங்க நிறுத்துனீங்க, நாங்க தட்டுனோம்."

வெளிநடப்பு

சொத்துவரி என்ற சொல் காதில் விழுந்ததும் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும். இது வருடா வருடம் நடப்பது. டீக்கடைக்காரருக்கும் இது தெரியும். அவர்கள் எழுந்திருக்கிற நேரத்துக்குத்தான் வராந்தாவில் போண்டாவைக் கொண்டுவந்து இறக்குவார். ஆளுங்கட்சி தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு வெளியே வருவதற்குள் சட்னி வாளி மட்டும்தான் மிச்சமிருக்கும்.

அன்றைக்கும் கோஷம் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். செல்வி எழவில்லை. அவர் கட்சியின் மூத்த கவுன்சிலர் ராமசாமி, வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "வா சாமி, போலாம்" என்றார். "எல்லாரும் வெளிய போயிட்டா, உள்ளார இருந்து வேண்டாம்னு சொல்றது யாருங்க மாமா?" என்று கேட்டார் செல்வி. இத்தனை வெளிநடப்பில் இப்படி ஒரு கேள்வி ராமசாமிக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மூக்கை வராந்தாப் பக்கம் திருப்பினார். "நல்ல கேள்விதான். சூடா ரெண்டு தின்னுபோட்டு யோசிக்கலாம், வா சாமி."

கை தூக்கல்

செல்வி போகவில்லை. போண்டா வாசனைதான் உள்ளே வந்தது. வருடக்கணக்கில் சட்னி வாளியை மட்டும் பார்த்த ஆத்திரமோ என்னவோ, ஆளுங்கட்சி வரிசையும் ஒவ்வொருத்தராகக் கரைந்தது. தலைவர் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே செல்வி, மூலையில் நான். போதுமான ஆள் இல்லாமல் தீர்மானம் செல்லாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நகராட்சிக் கமிஷனர் காதோடு சொன்னார். தலைவர் ஒரு சத்தம் போட்டார். அவர் ஆட்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள், வலது கையில் போண்டா, இடது கையில் டீ.

"தறிக் கொட்டாய் வரியை ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க." ஒருவரும் தூக்கவில்லை. "அதை முழுங்கித் தொலைங்க" என்றார். மென்றார்கள். அத்தனை நிதானமாக மனிதர்கள் மென்று நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரிசையில் பாதிப் பேருக்குச் சொந்தமாகக் கொட்டாய் உண்டு. மீதிப் பேருக்கு மாமனார் வீட்டில் உண்டு. தலைவரை எதிர்த்துப் பேசவும் முடியாது, கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. நான் சிரிப்பை அடக்கத் தோள் துண்டைக் கடித்துக்கொண்டேன்.

"எதிர்க்கிறவங்க?" அந்த மன்றத்தில் காலியாக இருந்தது செல்வியின் கை மட்டும்தான். அது நேராக மேலே போனது. தலைவர் தன் வரிசையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். எல்லாக் கன்னங்களும் உப்பியிருந்தன. "ஆதரவு இல்ல, எதிர்ப்பு ஒண்ணு. தோத்துப்போச்சு, எழுதிக்குங்க. அடுத்தது என்ன?" என்றார். உடனே பழனியப்பனுக்குத் தொண்டை திறந்துகொண்டது. "தப்பா நெனைக்காதீங்க தலைவரே, போண்டால கெழங்கு கொஞ்சம் சாஸ்தி."

வாயைத் திறந்து பேசிக் காரியத்தைக் கெடுத்த கூட்டங்களுக்கு எத்தனையோ தடவை மைக் வைத்திருக்கிறேன், வாயை மூடி மென்றே ஒரு வீதியைக் காப்பாற்றிய கூட்டத்துக்கு வைத்தது இந்த ஒரு தடவைதான்.