கல்யாணக் கேசட்டில் அம்சவள்ளியின் ஒப்பாரி

எண்பத்து நாலு வாக்கில் அரியலூர்ப் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போன எல்லாரும் அம்சவள்ளியின் குரலைக் கேட்டிருப்பார்கள். அது யார் குரல் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அது கல்யாணப் பாட்டே இல்லை என்பதும் தெரியாது. இரண்டு காதையும் பந்தியில் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிற கூட்டம் அது.

அம்சவள்ளி சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்தவள். அவள் புருஷன் அரியமுத்து அங்கேயே பாறையில் துளை போட்டவன். ஒருநாள் வெடி வைத்தபோது கல் சரிந்து செத்துப்போனான். காண்ட்ராக்டர் பெரியசாமி பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போலீசிடம் சொன்னார்.

“இவன் நம்ம ஆளு இல்லீங்க. ஆடு மேய்க்க வந்தவன்.”

குவாரிக் கூலி கையில் கொடுத்துக் கையில் வாங்குவது. சீட்டு கிடையாது, பெயர்ப் பதிவு கிடையாது. கூட வேலை பார்த்தவர்களுக்கு மறுநாள் வேலை வேண்டும், ஆகவே வாய் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்த ஆபீசர் பெரியசாமி வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செத்தவன் என் வேலையாள்தான் என்று பெரியசாமி தன் வாயால் நாலு பேர் முன்னால் சொன்னால்தான் நஷ்டஈட்டு மனு நிற்கும். அம்சவள்ளிக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை.

எங்கள் தொழிலாளர் சங்கத்தின் மே தினக் கூட்டத்தில் அவளை மேடையேற்றினோம். பேசத் தெரியாது என்றாள். தெரிந்ததைச் செய் என்றோம். புருஷனுக்கு வைத்த ஒப்பாரியைப் பாடினாள். தலைவர்கள் பேசியது ஒன்றும் இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. அவர்களுக்கே ஞாபகமிருக்காது. அந்தப் பாட்டு மட்டும் நிற்கிறது.

*பவளப் பல்லாக்கு வாசலிலே வந்து நிக்க*
*பத்து வகை மேளம் தெருவெல்லாம் முழங்கி நிக்க*
*மல்லியப்பூ மாலையோட மகராசர் போறாரே*

எங்கள் பக்கத்து ஒப்பாரி இப்படித்தான் ஆரம்பிக்கும். உயிரோடு இருந்தபோது கூலிக்காரனுக்குக் கிடைக்காத பல்லாக்கும் மேளமும் செத்த பிறகு பாட்டில் வந்து சேரும். யார் கொன்றது என்பது கடைசியில்தான் வரும்.

கூட்டத்துக்கு மைக் செட் போட்டவன் தர்மன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் பதிவுக் கடையும் வைத்திருந்தான். கூட்டத்தைப் பதிவு செய்ய டேப்பை ஓடவிட்டுவிட்டு, பாட்டைக் கேட்காமலே டீ குடிக்கப் போன மகான். பிறகு அவன் ‘மணப்பந்தல் பாடல்கள்’ என்று ஒரு கேசட் போட்டான். பி பக்கக் கடைசியில் கொஞ்சம் டேப் மிச்சம். காலியாக விட்டால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான். அம்சவள்ளியின் பாட்டில் முதல் நாலு அடியைக் கேட்டான். பல்லாக்கு இருந்தது, மாலை இருந்தது. எடுத்து ஒட்டிவிட்டான். டேப் தீரும் இடத்தில் பாட்டும் அறுந்தது. “கல்லொடச்ச ராசா கதையக் கேளு சனங்களே, அந்த...” அவ்வளவுதான்.

கேசட் பெரம்பலூர், ஜெயங்கொண்டம், திருமழபாடி வரைக்கும் போனது. ஒரு வளைகாப்பில் ஒலிபெருக்கியில் தன் அழுகையைத் தானே கேட்ட அம்சவள்ளி நேராகக் கடைக்கு வந்தாள். நானும் கூடப் போனேன்.

“ஏண்ணே, எம் புருசன் சாவுக்கு வச்ச ஒப்பாரிய வளகாப்புல போட்டுக் கேக்குறாங்களே, இது என்னண்ணே?”

தர்மன் எட்டிக் கடைக் கதவைப் பாதி சாத்தினான். “ஒப்பாரியா? மேளம் வருது, மால வருது?”

“பாடைக்கும்தான் மேளம் வருது.”

“சத்தம் போடாதம்மா! தெரிஞ்சா கல்யாணம் பண்ணவன் பூரா வந்து கடைய கொளுத்திருவான்.”

“நான் யார்ட்டயும் சொல்லல. மீதியையும் போட்டு வித்துடு.”

“மீதி இல்லம்மா. அந்த டேப்புல அய்யப்பன் பாட்டு ஏத்திட்டேன்.”

“சாமிக்கு வேற டேப்பே கெடைக்கலையா?” என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

எங்கள் சங்கச் செயலாளரிடம் போய், மறுபடி பாடச் சொல்லிப் பதிவு செய்யலாம் என்றேன். “அடுத்த மாநாட்டுல பாக்கலாம் தோழர்” என்றார். அவர் அடுத்த மாநாட்டுக்குத் தள்ளிய காரியங்களை அடுக்கினால் கொள்ளிடத்துக்கு அணை கட்டலாம்.

தை மாதம் பெரியசாமி மகளுக்குக் கல்யாணம். குவாரி ஆட்கள் எல்லாரும் வந்து வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு. புருஷன் செத்த பிறகு அந்தக் குவாரிப் பக்கமே போகாத அம்சவள்ளி, அண்டா கழுவ முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். கூடக் கழுவிய முத்தாயிக்குப் பொறுக்கவில்லை.

“அவன் வூட்டுச் சோத்தத் தொட மாட்டேன்னு சொன்னியேடி?”

“சோத்துக்கு வரலக்கா. பாட்டு கேக்க வந்தேன்.”

நான் எதிரே டீக்கடையில் இருந்தேன். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்தது. செட்டுக்காரன் கொளஞ்சி வழக்கமான கேசட்டைப் போட்டான். பி பக்கம் முடியும் நேரம் பல்லாக்கு வந்தது. பந்தியில் ஒரு வாத்தியார் இலையிலிருந்து தலை தூக்கி, “அடடா, என்ன மங்களகரமான தமிழ்!” என்று டீக்கடை வரைக்கும் கேட்கச் சொன்னார். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

“கதையக் கேளு சனங்களே, அந்த...”

டேப் நின்றது. கொளஞ்சி கேசட்டைத் திருப்பிப் போட எழுந்தான். அதற்குள் அம்சவள்ளி சாம்பல் கையோடு பந்தலுக்குள் வந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

*அந்தப் பெரியசாமி வெடி வச்சுக் கல்லு சரிச்சாரே*
*அடியில கெடந்தவர ஆடு மேச்சான்னு சொன்னாரே*
*நெத்தி வேர்வ காயுமுன்ன நீ யாருன்னு கேட்டாரே*

மைக் இல்லை. ஆனாலும் ரோடு தாண்டி எனக்குக் கேட்டது. எழுந்து பந்தலுக்கு ஓடினேன். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பெரியசாமியைப் பார்த்தார்கள். வாத்தியாரின் வாயில் போன அப்பளம் அங்கேயே நின்றது.

பெரியசாமி பட்டு வேட்டி தடுக்க ஓடி வந்தார். “எவடி அவ? எங்கஞ்சியக் குடிச்சவன் பொண்டாட்டி எம் பந்தல்லயே வந்து ஒப்பாரி வைக்கிறியா? அரியமுத்துவுக்கு நான் என்னடி கொற வச்சேன்? எங்கிட்ட வேல பாத்த வரைக்கும் வாரம் தவறாம கூலி குடுத்தேன்ல?”

பெரியசாமிக்குத் தான் சொன்னது என்ன என்று அப்போதும் புரியவில்லை. ஆத்திரத்தில் இன்னொரு தடவையும் சொன்னார். “ஊரெல்லாம் கேளுங்கய்யா, கூலி குடுத்தேனா இல்லையான்னு!”

அம்சவள்ளி அவரைப் பார்க்கவே இல்லை. விசாரணைக்கு வந்த ஆபீசர் முதல் பந்தியில், காண்ட்ராக்டர்களுக்கு நடுவில், பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் இலைக்கு எதிரே போய் நின்றாள்.

“சார், ஆதாரம் இல்லேன்னீங்க. இப்பக் கேட்டுக்கிட்டீங்களா?”

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பந்தி முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கேட்டேம்மா” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க சார். பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல.”