குசினிக்குள் நின்ற சைக்கிள்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடித்து, கல்முனையில் எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருந்தேன். மாமியும் நானும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் சமைக்கும் குசினிப் பக்கம் நான் எட்டியும் பார்ப்பதில்லை. அதுவும் வழக்கம்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் சைக்கிள் போட்டிக்காகத் தினமும் தெற்கே திருக்கோவில் ஊர் வரை போய்வந்தேன். நாள் போகப் போக வேகம் குறைந்தது. பயிற்சி போதவில்லை என்று இன்னும் மிதித்தேன். கடைசியில் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் இருந்தபடியே தூங்கி விழுந்தேன்.

மறுநாள் என் சைக்கிள் குசினிக்குள் நின்றது.

"உம்மாதான் எடுத்து வெச்சிருக்கா. வேணுமெண்டா நீங்களே போய்க் கேளுங்க," என்று மனைவி சிரித்தாள்.

எப்படிக் கேட்பது? பெருநாள் வரை கோபத்தோடு சாப்பிட்டேன், கோபத்தோடு தூங்கினேன்.

போட்டியன்று காலை, சைக்கிள் துடைத்துக் காற்றடித்து வாசலில் நின்றது. ஏறி மிதித்தால், கால்கள் என்னுடையவை போலவே இல்லை. காரைதீவைத் தாண்டும்போது எனக்கு முன்னால் ஆளே இல்லை.

வென்று வீடு வந்தபோது கதவுக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது: "மகள், இனி ரெண்டு நாளைக்கு அந்த சைக்கிள எடுக்க வேணாமெண்டு சொல்லு."

தூக்கமும் பயிற்சிதான் என்று அதற்குமுன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சைக்கிளைக் குசினி வாசல்வரை நானே உருட்டிப் போய் நிறுத்தினேன்.