ரயிலை இடித்தவர்

தண்ணீர்க் குவளையை மேசையில் வைக்கும்போதெல்லாம் பரமேஸ்வரன் மன்னிப்புக் கேட்கிறார். "சோரி பாஸ், ஆளு அதே ஆளுதான். டிப்பார்ட்மெண்ட் மட்டும் மாறிப்போச்சு. இப்ப நான் தண்ணி." புதியவர்கள் விழிப்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வாடிக்கையாக வருகிற எங்களுக்குப் புரியும். பல வருஷமாக இங்கே குழம்பு ஊற்றியவர் அவர். கரண்டியை ஒரு சுழற்றுச் சுழற்றினால் கோழிக் குழம்பு சோற்றைச் சுற்றி இறங்கி, இலையின் ஓரத்தைத் தொடாமல் நிற்கும்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத மீசை. வலது மணிக்கட்டின் உட்புறம் நீளமாக ஒரு தழும்பு. உள்ளே தகடும் திருகாணிகளும் இருக்கின்றன. எப்படி ஆயிற்று என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், குவளைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

"ரயிலு என்னைய மோதல தம்பி. நான்தான் ரயில மோதினேன். அது பாவம், பேசாம அது வேலையப் பார்த்துக்கிட்டுப் போச்சு."

கிள்ளானில் வீடு. அங்கிருந்து கொமுட்டர் ரயில் நிலையம் வரை, நின்றுகொண்டே ஓட்டும் மின்சார ஸ்கூட்டரில் வருவார். அதைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் ஒரு மண்பாதை. துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போகும் ஒற்றைத் தண்டவாளத்தை அந்தப் பாதை கடக்கிற இடத்தில் ஒரு சின்ன முனீஸ்வரன் கோயில். ஸ்கூட்டரில் ஒரு வசதி உண்டு: சிறிது நேரம் ஒரே வேகத்தில் போனால், அதன்பின் விசையிலிருந்து விரலை எடுத்தாலும் வண்டி அதே வேகத்தில் தானாகப் போய்க்கொண்டிருக்கும். கை வலிக்கக் கூடாதே என்று யாரோ கருணையோடு கண்டுபிடித்தது.

அன்று காலை சரக்கு ரயில் நடைவேகத்தில் கடந்துகொண்டிருந்தது. பரமேஸ்வரன் அதைப் பார்த்தார். நின்றுவிடலாம் என்று முடிவும் செய்தார். அதற்கு முன்னால் சாமிக்கு ஒரு கும்பிடு.

"ஒத்தக் கையால கும்பிட்டா சாமி என்ன நினைக்கும்? ரெண்டு கையையும் விட்டேன். கண்ணையும் மூடிட்டேன். தொறந்து பார்த்தா மூஞ்சிக்கு நேரா கொண்டெய்னரு லா!"

ஸ்கூட்டர் ரயிலுக்கு அடியில் போயிற்று. இவரைப் பெட்டி இடித்துக் கோயில் பக்கமாகத் தள்ளிவிட்டது. "பார்த்தீங்களா, சாமி தன் வாசல்லயே எறக்கி விட்டுட்டாரு. ஆஸ்பத்திரியில நர்ஸு உதட்டக் கடிச்சுக்கிட்டு நிக்கிது. நானே சொன்னேன், 'சிரிச்சுரும்மா, அடக்கி வச்சா ஒடம்புக்கு ஆகாது'ன்னு."

நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து வருஷங்கள் ஆகியும் எல்.ஆர்.டி. ரயில் நடைமேடையில் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். இரண்டு மொழிகளில் படித்ததால் ஒரே பயத்தை இரண்டு தடவை பட முடிகிறது. இவர் கதையைக் கேட்ட அன்று, ஸ்கூட்டரின் அந்த வசதியை எப்படி அணைப்பது என்று இணையத்தில் வெகுநேரம் தேடினேன். என்னிடம் ஸ்கூட்டர் கிடையாது.

எல்லாவற்றையும் சிரித்துக் கடக்கும் பரமேஸ்வரனுக்கு ஒன்று மட்டும் சிரிப்பாக இல்லை. கடையின் முதலாளி வாணி அக்கா ஒருநாள் கல்லாவிலிருந்தபடியே கேட்டுவிட்டார்.

"அண்ணே, நேராவே கேக்குறேன். கை வருமா, வராதா? குழம்புக்கு நெரந்தரமா ஒரு ஆளு திங்கக்கெழம வரான்."

"வரும் லா."

"அப்ப ஊத்திக் காட்டுங்க. கஸ்டமர் மேல இல்ல, எலையில."

பரீட்சைக்கு அகப்பட்டது என் இலை. நிறைந்த கரண்டியின் கனத்தில் அவர் கை நடுங்கியது. கொஞ்சம் சோற்றுக்கும் மிச்சம் என் வெள்ளைச் சட்டைக்கும் போயிற்று. வாணி அக்கா கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இடது கையில் கரண்டியைப் பிடித்துப் பாருங்களேன் அண்ணே" என்றேன்.

"பீச்சாங்கையால சோறு போடச் சொல்றீங்களா? நீங்கள்லாம் படிச்சவரு!"

வெள்ளிக்கிழமை மதியம் கடை நிரம்பி வழிந்தது. குழம்புக்கு இருந்த தற்காலிக ஆள் வரவில்லை. வாணி அக்கா ஒரு கையில் குழம்பு வாளியும் மறு கையில் யாருடையதோ மீதிச் சில்லறையுமாக அலைந்தார். என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்ப் பெரியவரும் அவர் மனைவியும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பரமேஸ்வரன் குவளைத் தட்டை வைத்தார். அக்காவிடமிருந்து வாளியை வாங்கினார். சுற்றிப் பார்த்தார். வாளியை என் இரண்டு கைகளிலும் திணித்தார்.

"பிடிங்க பாஸ். ஆடாம."

கரண்டியை வலது கையில் எடுத்தார். இடது உள்ளங்கையை வலது முன்கைக்கு அடியில் கொடுத்தார், பெரியவர்களிடம் ஒன்றைப் பணிவாக நீட்டும்போது கொடுப்பதுபோல. அவர் கை நடுங்கவில்லை. இப்போது நடுங்கியது என் கை. குழம்பு மெல்ல இறங்கிச் சோற்றைச் சுற்றியது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் இலைக்குள் நின்றது. பெரியவர் அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். தாமும் நெஞ்சில் கைவைத்து, "தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொன்னார்.

வாணி அக்கா எட்டி இலையைப் பார்த்தார்.

"திங்கக்கெழம வர்றவன் வாளி பிடிக்கட்டும்ணே."

"அதுவரைக்கும் யார் பிடிக்கிறது அக்கா?" என்றேன். என் மேசையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

பரமேஸ்வரன் கரண்டியை வாளியில் முக்கி எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமலே, அடுத்த மேசைப் பக்கம் முகவாயை ஆட்டினார்.