ஏகமனதை எண்ணச் சொன்னவள்

தயாளினியின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் வீடு, பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரியில், வெளிநோயாளர் பிரிவின் வரவேற்பு மேசையில் பதினொரு வருட வேலை. போலந்துப் பெயரோ, சோமாலியப் பெயரோ, எந்தப் பெயரானாலும் அவள் கூப்பிட்டால் கடைசிக் கதிரையில் நித்திரை கொள்பவரும் திடுக்கிட்டு எழும்பி நிற்பார். பன்னிரண்டு வயதில் அகதியாக ஜெர்மனிக்குப் போய், அங்கேயே படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு மாறி வந்தவள். இத்தனை அலுவலகங்களில் வரிசையில் நின்றவளுக்கு வாய் இல்லாவிட்டால் எப்படி? அந்த வாயை அடக்கத்தான் மன்றத்துக்காரர் அவளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள்.

மன்றம் என்றால் கீழைத் தமிழர் மன்றம். இல்ஃபோர்டில் ஒரு மண்டபம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள், பொங்கல் விழா, யாருக்காவது ஒன்று நடந்துவிட்டால் செத்தவீட்டு உதவி. தலைவர் விஜயரத்தினம் பதினாறு வருடமாகத் தலைவர். அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். புதிதாக வந்திறங்கியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்; செத்தவீடு என்றால் வான் வண்டியிலிருந்து கதிரை இறக்கும் முதல் ஆள் அவர்தான். ஆனால் போட்டி என்ற சொல் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு முடிக்கும் முன்னமே கைதட்டல் எழும்பிவிடும்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. அங்கே கூட்டக் குறிப்பு கூட்டத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிடும்! ஞாயிற்றுக்கிழமை கூட்டமென்றால் வியாழக்கிழமையே தலைவரின் வாட்ஸ்அப் செய்தி வரும். இன்னார் முன்மொழிய, இன்னார் வழிமொழிய, ஏகமனதாக. அதைத் திருத்தமாகத் தட்டச்சு செய்வது செயலாளரின் வேலை. அந்தச் செயலாளர் வேறு யாருமில்லை, நம்முடைய தயாளினிதான். ஆறு வருடமாக ஏகமனதாக, ஏகமனதாக என்று தட்டித் தட்டி அவளுக்கு அந்தச் சொல் கண்ணிலேயே படாமல் போயிருந்தது.

ஏழாம் வருடம் பட்டது. பிளேஸ்டோவில் நடந்த தமிழ் வகுப்பை மூடிப் பிள்ளைகளை இல்ஃபோர்டுக்கு மாற்றுவது என்று தலைவர் முடிவெடுத்தார். வியாழக்கிழமை வந்த செய்தியைத் தயாளினி வழக்கம்போல் தட்டச்சு செய்தாள். கூட்டத்தில் எதிர்ப்பேன், பிறகு மாற்றி எழுதுவேன் என்று நினைத்துக்கொண்டாள். எதிர்க்கவும் எதிர்த்தாள். வகுப்பு ஆசிரியை கிளறிற்றாவும் சேர்ந்து எதிர்த்தாள். விஜயரத்தினம் சிரித்தார்.

"ரெண்டு பேருக்காகக் குறிப்பை மாத்துறதே, தங்கச்சி? பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

அவள் மாற்றவில்லை. அந்த நேரத்துச் சலிப்பில் விட்டுவிட்டாள். அடுத்த கிழமை பள்ளிக்கூட வாசலில் அந்த வகுப்புப் பிள்ளையொன்றின் தாய் கம்சிகா அவளை மறித்துக் கேட்டாள்: "அக்கா, வகுப்பை மூடுறதுக்கு நீங்களும் சம்மதமெண்டல்லோ குறிப்பில எழுதியிருக்கு? அப்ப எங்களுக்கு முன்னால ஏன் இல்லையெண்டு சொன்னீங்கள்?" தன் கையாலேயே தன் வாயைப் பொத்தி எழுதிக் கொடுத்தவள் என்ன பதில் சொல்வாள்? அன்று முழுக்க அவளுக்குத் தன்மீதே ஆத்திரமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மன்றத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. பல நாட்டுச் சமூக அமைப்புகளிலிருந்து இருபது பேரை அழைத்துப் போய், அமெரிக்கக் கட்சியொன்றின் பெரிய மாநாட்டைக் காட்டி, ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்று விளங்கப்படுத்தும் ஏற்பாடு. விஜயரத்தினம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தயாளினி போகட்டும், ஒரு கிழமை ஊர் பார்த்து வந்தால் ஆள் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டார். அதையும் ஏகமனதாகத்தான் முடிவெடுத்தார்கள்.

அது எந்தக் கட்சி என்று தயாளினி இன்றுவரை சொல்வதில்லை. சொன்னால் கேட்பவர்கள் அந்தக் கட்சியைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள், கதை அங்கேயே நின்றுவிடும்.

போன இடத்தில் வரவேற்ற மனிதர், "இதையெல்லாம் உங்கள் நாட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று உருகிப் பேசினார். எந்த நாடு என்று அவளிடம் கேட்டார். "பிளேஸ்டோ" என்றாள். அவர் வரைபடத்தில் தேடியிருப்பார், பாவம்.

மாநாட்டு மண்டபத்தில் பார்வையாளர்களுக்குக் கூரைக்குப் பக்கத்தில் இடம். கீழே பார்த்தால் தொப்பிகள், பலூன்கள், கொடிகள், இசை. பாதிப் பேர் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் புகழ்ந்து தள்ளினார்கள். கட்சியின் வேட்பாளர் யார் என்ற முடிவு பல மாதங்களுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும், இன்று நடப்பது சடங்கு என்று வழிகாட்டிப் பெண் விளங்கப்படுத்தினாள். தயாளினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? எங்கள் விஜயரத்தினம் அண்ணை பலூன் இல்லாமலே இதைச் செய்கிறாரே!

பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். மாநிலம் மாநிலமாக. பெயர் கூப்பிடுவது அவளுடைய தொழில் அல்லவா, நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு மாநிலத்துக்காரரும் ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் சோளம், எங்கள் ஏரி, எங்கள் வீரர்கள் என்று அரை நிமிடம் ஊர்ப் பெருமை அடித்தார்கள். அதில் நம்மவர்களுக்கு ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. பெருமை முடிந்ததும் கணக்கைச் சொன்னார்கள். ஒரு சின்ன மாநிலத்தின் முறை வந்தது. ஒரு பெண் எழும்பி, இருபத்தொன்பது பேர் ஆதரவு, இரண்டு பேர் ஆதரவில்லை என்றாள். சுற்றிவர ஊளையிட்டார்கள். மேடையில் நின்றவரோ முகத்தைக்கூடச் சுளிக்காமல் அதே கணக்கை உரத்துத் திருப்பிச் சொன்னார். இருபத்தொன்பது. இரண்டு. பிறகு அடுத்த மாநிலத்தைக் கூப்பிட்டார்.

தயாளினியின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டால் ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனாலும் சொன்னார்கள், எழுதினார்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் அந்த இரண்டு பேரில் ஒருவரைக் கண்டாள். பஸ் சாரதியாம். அந்த இருபத்தொன்பது பேரில் சிலரும் அவரும் ஒரே மேசையில் இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். தோற்பது தெரிந்தும் ஏன் கை தூக்கினீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். அவர் முட்டையை வெட்டிக்கொண்டே சொன்னார்: "என்னை அனுப்பிய ஆட்கள் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லாவிட்டால் அவர்கள் இல்லை என்றல்லவா ஆகிவிடும்?"

அவள் கம்சிகாவை நினைத்தாள்.

லண்டனுக்குத் திரும்பி இரண்டாம் கிழமை பொதுக்கூட்டம். வியாழக்கிழமை வழக்கம்போல் செய்தி வந்தது. தலைவராக விஜயரத்தினம், ஏகமனதாக. தயாளினி பதில் போட்டாள்: "கூட்டம் நடக்க முதல் நான் குறிப்பு எழுத மாட்டன் அண்ணை. தலைவர் பதவிக்கு நானும் கேக்கிறன்."

அவ்வளவுதான், தொலைபேசி சூடாகிவிட்டது. கணவன் யோகராஜா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"இஞ்சரும், உமக்கென்ன விசரே? நாளைக்கு அந்த மனிசன்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"நல்லா முழியுங்கோ. நான் முழிக்க ஏலாமல் கம்சிகாவுக்கு முன்னால நிண்டனான், அது உங்களுக்குத் தெரியாது."

கடைசியில் விஜயரத்தினமே எடுத்தார். துணைத்தலைவர் பதவி தருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். அவருடைய குரல் தழுதழுத்தது.

"தங்கச்சி, நாங்கள் ஒற்றுமை இல்லாமல் அழிஞ்ச சனம். அதை மறந்திடாதையும்."

அது நடிப்பில்லை. அவர் அதை மனதார நம்பினார்.

"ஓம் அண்ணை, அழிஞ்சனாங்கள். வேண்டாமெண்டு சொன்ன சனத்தை இல்லையெண்டு எழுதியும்தான் அழிஞ்சனாங்கள்."

மறுபக்கம் தொலைபேசி வைக்கப்பட்டது.

ஞாயிறு பின்னேரம் இல்ஃபோர்ட் மண்டபத்தில் தொண்ணூற்றொன்பது பேர். இப்படி ஒரு கூட்டம் எந்த வருடமும் வந்ததில்லை. சண்டை பார்க்க வராத தமிழன் உண்டா? தேர்தல் அதிகாரி பிரவீணன், சட்டத்தரணி. பத்து வருடமாக எண்ணத் தேவையில்லாத தேர்தல்களை நடத்தியவர். வாக்குச் சீட்டுக்கூட அவரிடம் இருக்கவில்லை.

"சீட்டு வேண்டாம்" என்றாள் தயாளினி. "இடம் இடமாய்க் கூப்பிடுங்கோ. கை தூக்கட்டும். எண்ணிப்போட்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"இதென்ன அமெரிக்காவே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

"அமெரிக்காவில பலூனும் விட்டவை. உங்களுக்கு வேணுமெண்டால் அதையும் ஊதித் தாறன். முதல்ல எண்ணுங்கோ!"

ஹரோவிலிருந்து ஆறு பேர் ரயில் மாறி மாறி வந்திருந்தார்கள். விஜயரத்தினத்துக்கு நான்கு, தயாளினிக்கு இரண்டு. பிரவீணன் சொன்ன அந்த "இரண்டு" சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இல்ஃபோர்ட், நாற்பத்தொன்றும் ஒன்பதும். பிளேஸ்டோவைக் கூப்பிட்டபோது கம்சிகா எழும்பியே நின்று கை தூக்கினாள். யோகராஜா நிலத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினான், மனைவிக்குத்தான். அங்கே பதின்மூன்றும் முப்பதும்.

ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று. தயாளினி தோற்றுப்போனாள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் பேனையை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் நாற்பத்தொன்று என்று அழுத்தி எழுதினாள்.

விஜயரத்தினம் எழும்பினார். முகம் வெளிறியிருந்தது. பதினாறு வருடமாகத் தன்னை வேண்டாம் என்று நினைத்த கைகளை அவர் இன்றுதான் முதன்முதலாகக் கண்டார். இருந்தும் பெருந்தன்மையை விட்டுக்கொடுக்கவில்லை.

"தங்கச்சி எங்கட பிள்ளை. செயலாளராய் அவவே இருக்கட்டும். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

மண்டபத்துக்கு மூச்சு வந்தது. கைதட்டல் எழும்பியது. பின்வரிசைக்காரர் சிலர் தேத்தண்ணி மேசைப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

"நில்லுங்கோ!" ஆஸ்பத்திரியில் கூப்பிடும் அதே குரல். நடந்தவர்கள் நின்றார்கள். "எனக்கும் ஏகமனது வேண்டாம். எண்ணுங்கோ."

"உம்மை ஆர் வேண்டாமெண்டது?" விஜயரத்தினம் திகைத்தார்.

"அதுதான் எனக்குத் தெரியோணும்."

யோகராஜா கண்ணை மூடிக்கொண்டான். இதிலும் தோற்றால் மன்றத்தில் அவளுக்கு எந்த இடமும் இல்லை, வகுப்பைப் பற்றிப் பேச வாசலும் இல்லை. பிரவீணன் ஆதரவுக் கைகளை எண்ணினார். ஐம்பத்திரண்டு. பாதிக்கு மேல் வந்துவிட்டது, காணும் என்று கதிரையில் சாயப் பார்த்தார்.

"எதிரானதையும் எண்ணுங்கோ, தம்பி."

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேருக்கு நேர் இருக்கிற ஒருத்திக்கு எதிராகக் கை தூக்கி அந்த மண்டபத்தில் யாருக்கும் பழக்கமில்லை. அப்போது மேடையில் ஒரு கை மெல்ல எழும்பியது. விஜயரத்தினத்தின் கை. நெஞ்சளவு வந்து, கூச்சத்தில் அங்கேயே நின்றது.

தயாளினி பேனையை மூடவில்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கோ அண்ணை. எண்ணுறவருக்குத் தெரியோணும்."