வழுக்கிய நூல்

அன்று மாலை அத்தையைப் பெண் பார்க்கச் செராஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. பூ வாங்கி வருகிறேன் என்று காலையிலேயே என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு செந்தூலிலிருந்து கிளம்பியவர், எந்தப் பூக்கடையிலும் நிற்காமல் கிள்ளானில் ஒரு மீன்பிடிக் குளத்தில் போய் நிறுத்தினார். எனக்கு ஒன்பது வயது. பூவைவிட மீன் நல்லதுதான் என்று இறங்கி ஓடினேன்.

தூண்டில் காரின் பின்பெட்டியிலேயே இருந்தது. ரீலில் புதுப் பின்னல் நூல். அத்தை உட்காரவேயில்லை. வீசுவார், சுருட்டுவார், இடம் மாறுவார். கைப்பேசி விடாமல் அடித்தது. அதைக் காருக்குள் போட்டுவிட்டு வந்தார்.

திடீரென்று கம்பு வளைந்தது. பெரிய பாத்தின் மீன். நூல் சரசரவென்று ஓடியது.

"டிராக்க டைட் பண்ணும்மா!" என்று குளத்துக்காரர் கத்தினார். நூல் ஓடாமல் இறுக்கும் ரீல் திருகுதான் டிராக்.

"பண்ணிட்டேன் அங்கிள்! இதுக்கு மேல திரும்பல லா!"

நூல் அப்படியும் போய்க்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தேன். நூல் சுற்றும் உருளையான ஸ்பூல் அசையாமல் நின்றது. அதில் சுற்றியிருந்த நூல் மட்டும் மொத்தமாகச் சுழன்றது. "அத்தை, நூல் வழுக்குது!" என்றேன். அவர் பார்ப்பதற்குள் மீன் கொக்கியை உதறிவிட்டுப் போய்விட்டது.

நூல் முழுவதையும் உருவினோம். வழவழப்பான ஸ்பூலில் பின்னல் நூலை அப்படியே கட்டினால் பிடிப்பு இருக்காதாம். அத்தை ஸ்பூலில் ஒரு பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் நூலைக் கட்டினார். நான் ஈரத்துணியால் நூலை இறுக்கிப் பிடிக்க, அவர் சுற்றினார். இழுத்துப் பார்த்தோம். நகரவில்லை. அத்தை போய்க் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவ சுத்துவோம்டி."

சரியாக இருந்ததை மறுபடி உருவினார். என் விரல்கள் எரிந்தன.

பொழுது சாயும்போது இன்னொரு மீன் மாட்டியது. நூல் அசையாமல் பிடித்தது. மீனைக் கரையேற்றியதும் அத்தை அதன் பக்கத்திலேயே ஈரப்புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வந்தவர்கள் போயிருந்தார்கள். அப்பா வாசலிலேயே கத்தத் தொடங்கினார். அத்தையைக் காப்பாற்ற நான் உண்மையைச் சொன்னேன்.

"நூல் வழுக்கிருச்சுப்பா. ரெண்டு தடவ சுத்த வேண்டியதாப் போச்சு. அதான் லேட்."

அம்மா அத்தையிடமிருந்து மீனை வாங்கி, சமையல் மேடையிலிருந்த கேசரித் தட்டுகளை ஒதுக்கிவிட்டுச் செதில் சீவ ஆரம்பித்தார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்திருக்கிறோம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.